அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை

மதுரை

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து இணைக்கப் போகிறார்கள் என்று படித்ததும் மனது கனத்துவிட்டது. ஆனால் உன் பயமெல்லாம் மயக்க மருந்து டாக்டர் சொன்ன அந்த மரத்துப்போகும் ஊசியைப் பற்றித்தான் இருக்கிறது. "முதுகையே அறுக்கப் போகிறார்கள், அங்கே ஊசி வேறு எதற்கு? கால் விளங்காமல் போய்விட்டால்?" என்று கேட்டிருக்கிறாய்.

சிசேரியனுக்குப் போட்ட ஊசியால்தான் உனக்கு இன்றுவரை முதுகு வலிக்கிறது என்று நீ நம்புவது எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பெண்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், உண்மைதான். வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமில்லை.

அண்ணனுக்குப் போடப்போவது 'எரெக்டர் ஸ்பைனே பிளேன் பிளாக்' என்ற ஊசி, ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியைக் குறைக்கத்தான். அது தண்டுவடத்தின் பக்கமே போகாது. முழு மயக்கம் கொடுத்து, குப்புறப் படுக்க வைத்த பிறகு, ஸ்கேன் கருவியை முதுகில் வைத்துப் பார்த்துக்கொண்டே போடுவார்கள். எலும்பின் பக்கவாட்டு நீட்சி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன்மேல் தசை படிந்திருக்கும். ஊசி முனை எலும்பைத் தொட்டதும் முதலில் கொஞ்சம் உப்புத் தண்ணீரைச் செலுத்துவார்கள். தசை எலும்பிலிருந்து மெல்ல எழும்பி, நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது வியப்புதான். சரியான இடம் என்று அப்போதுதான் உறுதியாகும். பிறகு மரக்கச் செய்யும் மருந்தான பியூபிவக்கெய்னோ ரோபிவக்கெய்னோ நீர்த்த அளவில், பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மில்லி.

முதுகுத்தண்டிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு நரம்பும் இரண்டாகப் பிரிகிறது. பின்கிளை முதுகுத் தசைக்கும் மூட்டுகளுக்கும் போகிறது. கால்களுக்குப் போவது முன்கிளை. இந்த மருந்து பெரும்பாலும் பின்கிளையைத்தான் மரக்கச் செய்கிறது. அண்ணன் கண் விழித்ததும் டாக்டர் முதலில் கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்வார். நரம்புக்குச் சேதமில்லை என்று பார்க்க அதுதான் வழி. தண்டுவட உறையை ஒட்டிக் குழாய் வைத்து மருந்து விட்டால் காலும் சில நேரம் தளர்ந்து, அந்தச் சோதனை குழம்பிவிடும். இதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

2016இல் ஃபொரேரோ என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் நெஞ்சுப் பகுதி நரம்பு வலிக்காக இந்த முறையை எழுதினார்கள். முதுகு ஆபரேஷனுக்கு அதன் பிறகுதான் வந்தது. ஓர் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வித்தை பழையது. 1884இல் கார்ல் கோலர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விட்டுத் தொடங்கிவைத்தார். உன் அம்மாவுக்கு அரவிந்தில் கண்புரை எடுத்தபோது விழித்திருந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

நான் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மார்ஃபின் வகை மருந்தை மட்டுமே நம்பிப் படுத்திருக்கிறவர்களை வார்டில் தினமும் பார்க்கிறேன். வலி அடங்கும், ஆனால் குமட்டல், கிறக்கம், சிறுநீர் பிரியாமை, மலச்சிக்கல். புதுத் தையலோடு ஒருவர் வாந்தி எடுக்கும்போது முதுகு முழுவதும் இழுத்துப் பிடிப்பதைப் பார்க்க நமக்கே தாங்காது. இந்த ஊசியால் அந்த மருந்தின் தேவை குறைகிறது. சீக்கிரம் எழுந்து நடக்கவும் முடிகிறது.

ஒன்றை மட்டும் மனதில் வை. மரப்பு அரை நாள்போல்தான் நிற்கும். காலையில் ஆபரேஷன் என்றால் இரவில் வலி தலைகாட்டும். ஆகவே பாராசிட்டமாலும் மற்ற மருந்துகளும் மணிக்கணக்குப்படி போய்க்கொண்டே இருக்க வேண்டும். வலி முற்றிய பிறகு அடக்குவது கடினம். நம் ஊர் ஆண்கள் நெற்றியெல்லாம் வியர்த்திருக்க, கேட்டால் "பரவாயில்லை சிஸ்டர்" என்பார்கள். அண்ணனும் அந்த ரகம். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் உள்ளபடி சொல்லச் சொல். வலியை மறைத்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமமாட்டார், எழுந்து உட்கார மாட்டார், சளி கட்டும்.

முன்பரிசோதனைக்குப் போகும்போது, இதயத்துக்காக அண்ணன் சாப்பிடும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல். மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கூடிப்போனால் மூளையையும் இதயத்தையும் தாக்கும். அந்த நஞ்சை முறிக்கும் கொழுப்புக் கரைசல் பாட்டில் தயாராக இருக்கிறதா என்று தயங்காமல் கேள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருடம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் முன்னதாகவே வந்துவிடுங்கள். போடி பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். லாட்ஜ் பேச்சே வேண்டாம், நம் வீட்டில்தான் தங்க வேண்டும். பழைய ஸ்கேன் படங்களையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
பாக்கியம்