பரிசுப் பணத்தை மேடைக்கும் மைக்குக்கும் கொட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பரிசு வாங்குற சைக்காலஜிஸ்டுங்க அந்தப் பணத்துல ஒரு பங்கை சயின்ஸை மக்கள்கிட்ட கொண்டு போறதுக்கு செலவு பண்ணணும்னு போன இதழ்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்ல யோசனைதான், ஆனா வழின்னு சொன்னதெல்லாம் பாத்தா பெரிய ஹால், பேர் வாங்கின பேச்சாளர், ஒரு டாக்குமென்டரி, ஒரு யூடியூப் சேனல், அங்கதான் எனக்கு இடிக்குது.

சும்மா உக்காந்து வாங்கிக்கிறது மனசுல தங்காதுன்னு சொன்னதே சைக்காலஜிஸ்டுங்கதானே. 2006-ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப படிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சிட்டு அப்புறம் பாக்காம எழுதி எழுதிப் பாத்துது. 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்போ படிச்ச குரூப்தான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ், படிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. இதுல கூத்து என்னன்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிக தைரியமா சொன்னது அந்தப் படிச்ச குரூப்தான். ஹால்ல உக்காந்து தலையாட்டி கை தட்டிட்டு "சூப்பர் ஸ்பீச்"னு சொல்லிட்டு வர்ற கூட்டத்துக்கும் இதே கதிதான்னு என் எண்ணம்.

அதனால பேச்சைக் குறைச்சுட்டு சோதனையை ஜனங்க கையிலயே கொடுங்கங்கறேன். சைக்காலஜிக்கு இருக்கிற வசதி வேற எந்த சயின்ஸுக்கு இருக்கு? டெலஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம், பரிசோதிக்க வேண்டிய பொருளை ஒவ்வொருத்தரும் தலைக்குள்ள தூக்கிட்டே வர்றாங்க.

உதாரணத்துக்கு, ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற சைக்காலஜிஸ்ட் எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல பண்ணினது. ஒரு கார் ஆக்சிடென்ட் படம் போட்டுக் காட்டிட்டு, 50 பேர்கிட்ட கார் "மோதினப்போ" என்ன ஸ்பீடுன்னு கேட்டாங்க, இன்னொரு 50 பேர்கிட்ட கார் "நொறுங்குற மாதிரி இடிச்சப்போ" என்ன ஸ்பீடுன்னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லாரையும் கூப்பிட்டு, உடைஞ்ச கண்ணாடி ஏதாவது பாத்தீங்களான்னு ஒரு கேள்வி. படத்துல கண்ணாடியே உடையல. ஆனாலும் மோதினதுன்னு கேட்டவங்கள்ல 7 பேர் பாத்தேன்னாங்க, நொறுங்கினதுன்னு கேட்டவங்கள்ல 16 பேர். இதை ஒரு லைப்ரரி ஹால்லயே பண்ணலாம், வேணுங்கறது ஒரு சின்ன வீடியோ, ரெண்டு விதமா அடிச்ச பேப்பர், ஒரு வாரம் கழிச்சு திரும்பி வர்ற கூட்டம், அவ்வளவுதான். தான் பாக்காத கண்ணாடியை பாத்தேன்னு தன் கையாலயே டிக் அடிச்சவனுக்கு, கண்ணால பாத்த சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்னு தனியா லெக்சர் எடுக்க வேண்டாம். (பந்து பாஸ் பண்றதை எண்ணச் சொல்லிட்டு, நடுவுல வர்ற கொரில்லா வேஷத்தைக் கவனிச்சீங்களான்னு கேக்கிற வீடியோ மட்டும் வேண்டாம்ப்பா, அது ஊருக்கே தெரிஞ்சு போச்சு.)

பணம்னா எவ்வளவுன்னு கேப்பீங்க. சைக்காலஜிக்கு கிராமேயர் விருதுன்னு ஒண்ணு இருக்கு, 1 லட்சம் டாலர். இந்தத் தொகையைப் பாத்ததும் எனக்கு வேற ஒரு கணக்குதான் ஞாபகம் வருது. 1993-ல மொஸார்ட் இசையை 10 நிமிஷம் கேட்ட 36 காலேஜ் பசங்க ஒரு வகை டெஸ்ட்ல கொஞ்சம் நல்லா பண்ணாங்க, அந்த எஃபெக்டும் கால் மணி நேரம் கூடத் தாங்கல, அதுல குழந்தைன்னு ஒருத்தர் கூட இல்ல. அது மொஸார்ட் கேட்டா குழந்தைக்கு மூளை வளரும்னு செய்தியாகி செய்தியாகி, 1998-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கிற குழந்தை ஒவ்வொண்ணுக்கும் மியூசிக் சிடி கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கணும்னு கேட்டார். கிட்டத்தட்ட ஒரு விருதுத் தொகை! பாதி புரிஞ்ச சயின்ஸ் பரவுறதுக்கு அவ்வளவு பணம் தானா வருது, முழுசா புரிய வைக்கத்தான் பரிசு வாங்கினவர் பாக்கெட்டைப் பாக்க வேண்டியிருக்கு.

ஸ்கூல் டீச்சருங்க, லைப்ரரியனுங்க இந்த சோதனைகளை நடத்துறதுக்கு ட்ரெயினிங், அந்தந்த மொழியில கேள்வித்தாள், இதுக்கெல்லாம் கொடுக்கட்டும். தோத்த சோதனைகளையும் சேத்து காட்டட்டும். 2015-ல 100 சைக்காலஜி ஆராய்ச்சிகளைத் திரும்ப செஞ்சு பாத்தப்போ 36 சதவீதத்துலதான் புள்ளிவிவரப்படி உறுதியான ரிசல்ட் வந்துச்சு, அதை மறைச்சு வெச்சுட்டு "மனசின் மர்மங்கள்"னு போஸ்டர் ஒட்டறதுல எனக்கு இஷ்டமில்ல. அப்புறம் முக்கியமா, வந்தவங்க எத்தனை பேர்னு தலை எண்ணாம, ஒரு மாசம் கழிச்சு அவங்க மனசுல என்ன மிஞ்சியிருக்குன்னு கேட்டுப் பாக்க ஒரு தொகையை தனியா எடுத்து வைக்கணும். அளக்கத் தெரிஞ்ச ஆளுங்களே அளக்கலன்னா வேற யாரு அளப்பாங்க.

கடைசியா உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவை விருது நியூஸ் போடறப்போ ஷீல்டு வாங்குற ஃபோட்டோவை சின்னதாக்கிட்டு, அந்த இடத்துல ஸ்ட்ரூப்ங்கற சைக்காலஜிஸ்ட் 1935-ல பண்ணின சோதனையைப் போடுங்க, சிவப்புங்கற வார்த்தையை பச்சை மையில, நீலங்கறதை பிரவுன்ல அச்சடிச்சிருக்கும், வார்த்தையைப் படிக்காம மையோட கலரை மட்டும் வேகமா சொல்லிட்டே போகணும். கருப்பு வெள்ளைப் பக்கத்துல மட்டும் போட்டுடாதீங்க.

இப்படிக்கு
உங்க வாசகர் ஒருத்தர்