பிரேக் எண்ணெயை மாற்றிவிட்டானா?

நுவரெலியா
ஞாயிறு இரவு

அன்பின் நண்பா,

உன் கடிதம் கைக்கு வந்து நான்கு மாதமாகிறது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு ஹட்டனிலேயே பாடசாலை கிடைத்துவிட்டது. பேரனுக்குப் பதினொரு வயது, என் தோளைத் தொட்டுவிட்டான். நம் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய டீமேக்கர் ஐயா தை மாதம் காலமானார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் உன்னைத்தான் விசாரித்தார்.

நீயோ முழுக் கோயம்புத்தூர்க்காரனாகிவிட்டாய். தேத்தண்ணியைக்கூட 'டீ' என்று எழுதுகிறாய். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். உன் மகன் பழைய கார் ஒன்றை வாங்கி இரவும் பகலும் அதனடியிலேயே படுத்துக் கிடக்கிறான் என்றும், செட்டிபாளையத்துக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற கார்ப் பந்தயப் பாதையில் பழகுவோருக்கு ஒதுக்கும் நாளொன்றில் அதை ஓட்டப்போகிறான் என்றும், எஞ்சினின் வலுவைக் கூட்ட என்ன செய்யலாம் என்று மாமாவிடம் கேட்கச் சொன்னான் என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். போன மாதம் எனக்கு நடந்ததற்குப் பிறகு, அவனுக்கு முதலில் சொல்லவேண்டியது வேறொன்று என்று தெரிந்துகொண்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு அவன் கையிலேயே கொடு.

என் காரை நீ படத்தில் பார்த்திருக்கிறாய். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற மஸ்டா அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, 1,600 சிசி எஞ்சின், எடை ஏறத்தாழ 940 கிலோ. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. எஞ்சின் தன் வலுவில் கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கை இழந்தே ஓடுகிறது. பக்கத்து மலையூர்களான கந்தப்பளைக்கும் ராகலைக்கும் போய்வந்த என் கையும் காலும் அந்தக் குறைந்த வலுவுக்கே பழகியவை. கடலோரத்துக்கு இறங்கியதும் இழந்த வலு முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. கார் அதே கார்தான். ஆனால் வளைவுக்கு அது வந்து சேரும் வேகம் வேறு.

களுத்துறைக்குத் தெற்கே கட்டுக்குருந்தவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளத்தில் இருக்கும் ஓட்டப் பாதையில் ஓட்டுவதற்காக, பேரனையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை இரண்டு மணிக்கே புறப்பட்டேன். தலவாக்கலை, ஹட்டன் கடந்து கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழமாகப் போவதுபோல் பட்டது. குளிரில் கால் மரத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கித்துல்கலவைத் தாண்டிவிட்டேன். கார் தன் வாயால் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அதற்காக இன்றுவரை மனம் ஆறவில்லை.

முதல் தடவை இறங்கி ஓட்டியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டாம் தடவை, நான்காவது சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தேன். சேற்றில் கால் புதைவதுபோல், எந்தத் தடையும் இல்லாமல் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. தூக்கி மறுபடியும் மிதித்தேன், மறுபடியும். மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று கியரை இறக்கினேன். எஞ்சின் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கார் புல்தரையில் பாய்ந்து, வழுக்கி, அடுக்கியிருந்த டயர்களுக்குச் சில அடி முன்னால் நின்றது. இறங்கி நிற்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். பேரன் தூரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதில் கொடுமையானது என்னவென்றால், அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் அது கல்லுப்போல உறுதியாக இருந்தது. ஓர் இடத்திலும் ஒழுக்கு இல்லை, உடைவு இல்லை. விஷயம் தெரியாத ஒருவன் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று திரும்பவும் பாதையில் இறங்கியிருப்பான்.

நடந்தது இதுதான். என்னையும் சேர்த்தால் காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டும். 140இலிருந்து 70க்கு அதன் வேகத்தைக் குறைக்கும் ஒரே மிதியில் பிறக்கும் வெப்பம், ஒன்றரை லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு மிதிக்கு ஒரு கேத்தல்; அதிலும் பெரும் பங்கு முன் சக்கரங்களுக்கு. வீதியில் இப்படி ஒரு தடவை மிதித்தால் அடுத்த பத்து நிமிடம் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டு ஆறிக்கொண்டிருக்கும். ஓட்டப் பாதையில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. அந்த வெப்பம் டிஸ்க்கிலிருந்து அதைக் கவ்வும் பேடுக்கும், பேடிலிருந்து அதை அழுத்தும் கலிப்பருக்கும், கலிப்பரிலிருந்து உள்ளே இருக்கும் திரவத்துக்கும் ஏறிக்கொண்டே போகிறது.

பிரேக் எண்ணெய் என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அது எண்ணெயே அல்ல, கிளைக்கோல் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். ரப்பர் குழாய்களின் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். டொட் 4 (DOT 4) தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 3 என்றால் இன்னும் மோசம்: 205 பாகை 140 ஆகிவிடும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, ஆகவே காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். கொதித்து ஆவியாகிவிட்டால் ஆவி சுருங்கும். நீ மிதிப்பதெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே முடிந்துவிடும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும், பெடலும் பழைய உறுதிக்கு வந்துவிடும்.

என் காரில் அத்தனை தண்ணீர் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பாய். இலங்கை நெருக்கடியில் தவித்த 2022ஆம் வருடத்தை நான் உனக்கு விளக்கவேண்டியதில்லை. நீ அனுப்பிய மருந்துப் பொதியை என் மனைவி இவள் இன்றும் சொல்லிச் சொல்லி நெகிழ்கிறாள். பெட்ரோலே இல்லாத மாதங்கள் போய், பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்து, வாரத்துக்கு 20 லீட்டர் என்று கிடைத்தபோது அது வீட்டு வான் வண்டிக்கே பத்தவில்லை. ரோட்ஸ்டர் ஒன்றரை வருடம் தகரக் கொட்டிலில் கட்டையில் நின்றது. இந்த ஊர் மூடுபனி உனக்குத் தெரியும். சட்டைப் பையில் வைத்த தீப்பெட்டியே நமத்துப்போகும். மறுபடி ஓட்டத் தொடங்கியபோது ஒரு கராஜில் பிரேக் வேலைக்கு விட்டேன். திரவம் முழுவதையும் மாற்றியதாகச் சொல்லி அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மேலே குடுவையில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. எட்டிப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது, நானும் நம்பிவிட்டேன். என் பேரனின் கண்ணெதிரே என்னைக் கொண்டுபோய்விடப் பார்த்த வேலை இது. பணம் போனதைவிட அந்தப் பொய்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே பிரித்தேன். முன் கலிப்பரிலிருந்து முதலில் வடிந்தது, கிழங்கு அவித்த தண்ணீர்போலக் கலங்கி, பிறகு கடும் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. முப்பத்தொரு வருடம் தேயிலை ஸ்டோரில் சாயம் பார்த்த கண்ணுக்கு அது போதும்; ஆனாலும் உன் மகன் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. தெளிவாக இருக்கும் திரவத்திலும் தண்ணீர் இருக்கலாம். எப்போது மாற்றியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், மாற்றிவிட வேண்டும். ஓட்டப் பாதைக்குப் போகும் காருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றியே ஆகவேண்டும் என்பது என் முடிவு.

வேலை கடினமானதல்ல, பொறுமை வேண்டும். பேரனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். அவனுடைய கால் பெடலுக்கு எட்ட முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம். கலிப்பரில் திரவத்தை வடிக்கும் நிப்பிளில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, "அமுக்கு" என்றால் அவன் மெதுவாக அமுக்குவான், நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், திரவம் வடியும், "பிடி" என்றதும் காலை எடுக்காமல் வைத்திருப்பான், நான் மூடியபின்தான் "விடு." மூடுமுன் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், எல்லாவற்றையும் மறுபடி தொடங்கவேண்டும். குழாயில் கறுப்புக்குப் பின்னால் வெளிர்ப்பொன் நிறத் திரவம் வரும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்குக் கிடைத்த நிம்மதியை எழுத்தில் சொல்லமுடியாது. குடுவை வற்றாமல் நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். திறந்து வைத்த பழைய டின்னில் மிச்சம் இருப்பதை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அதுவும் ஈரம் குடித்திருக்கும். வண்ணப்பூச்சில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். உன் மகனின் காருக்குரிய கைநூலில் சக்கரங்களின் வரிசை வேறாகச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யட்டும்.

நண்பா, நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களில் அடக்கம். 1930களிலிருந்து நடந்துவரும் மகாகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டியை நீயும் நானும் எங்கே நின்று பார்த்தோம் என்று நினைத்துப் பார். வளைவின் வெளிப்பக்கத்து மண்திட்டில், கார் கிளப்பும் புழுதி வாயில் விழும் தூரத்தில் நின்றோம். அந்த இடத்துக்காக ராகலைப் பையன்களோடு சண்டைகூடப் பிடித்தோம். அன்று ஓர் ஓட்டுநரின் பெடல் என்னுடையதைப்போலத் தரைக்குப் போயிருந்தால்? கட்டுக்குருந்தவிலிருந்து திரும்பிய இரவு எனக்கு இதே நினைவுதான். ஓட்டுகிறவன் தன் உயிரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட் பழையதாக இருந்தால் மாற்றட்டும். ஆனால் போட்டிக்கென்றே செய்த பேடைப் போட்டுக்கொண்டு வீதியில் ஓட்டவேண்டாம், அது சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது. ஓட்டி முடிந்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாகச் சுற்றி ஆறவிடட்டும். நிறுத்தியபின் கைப் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கட்டும். சக்கர நட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டோர்க் ரென்ச்சால் இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் மறுபடி சரிபார்க்கட்டும். ரேடியேட்டரின் மேல்பகுதி பிளாஸ்டிக்காக இருந்து நிறம் மங்கியிருந்தால், அது வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கூரையில்லாத காராக இருந்தால், தலைக்கு மேலே உயரும் இரும்பு வளையம் பொருத்தாமல் பாதையில் இறங்கவே கூடாது. அதில் நான் யாரோடும் விவாதத்துக்கு வரமாட்டேன்.

எஞ்சின் வலுவைப் பற்றிக் கேட்டானே, அதற்கும் பதில்: ஒரு வருடம் இருக்கும் வலுவோடு ஓட்டட்டும். அதற்குள் செலவழிக்க நினைத்த பணத்தில் நல்ல டயரும் பேடும் இரண்டு டின் புதிய பிரேக் திரவமும் வாங்கட்டும். அதன்பிறகு எழுதினால் பக்கம் பக்கமாகச் சொல்லித் தருகிறேன்.

நான் ஓட்டுவதை விட்டுவிடவில்லை. இவள் மூன்று நாள் பேசவில்லை, பிறகு தானாகவே புதிய தலைக்கவசத்துக்குப் பணம் கொடுத்தாள். கலிப்பர் ரப்பர்களும் நான்கு குழாய்களும் வந்துசேர்ந்ததும் மறுபடி கட்டுக்குருந்தவுக்குப் போவேன். திரவம் மாற்றிய திகதியைப் பேரன் தன் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதிக் குடுவைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். உன் மகனும் அப்படியே எழுதி ஒட்டிவிட்டு, அந்தத் திகதியை எனக்கு எழுதவேண்டும். அது வரும்வரை அவனைச் செட்டிபாளையத்துக்கு அனுப்பாதே.

தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல். அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிற ஒருவரிடம் இரண்டு கிலோ தேயிலை கொடுத்தனுப்புகிறேன்; நல்ல சாயம் இருக்கிறது, பால் ஊற்றிக் கெடுத்துவிடாதே.

என்றும் உன்
நண்பன்