இரத்தக் குழாய் ஆய்வில் இருக்கும் என் மாணவிக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையே இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக நீ உழைத்த ஆய்வகத்தில், உனக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த பொறுப்பு, செல் வளர்ப்பை நீயே அருகில் நின்று கற்றுக்கொடுத்த ஒருவருக்குப் போய்விட்டது. ஊருக்கே திரும்பி, பி.எட். முடித்துப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாய். பெயரை விட்டுவிட்டுப் பொதுவில் பதில் எழுதவும் இசைந்தாய். பி.எட். என்ற சொல்லை உன் வாயிலிருந்து கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை உங்கள் அப்பாவிடம் முதலில் சொன்னவள் நான்தான்.

அப்போது நீ இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு. 24, 48, 72, 96 மணி நேரக் கோழிக் கருக்களின் பழைய ஸ்லைடுகளைக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் வரையச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதைத்தான் நான் செய்முறை வகுப்பு என்று நடத்திக்கொண்டிருந்தேன். கடையில் விற்கும் நாமக்கல் முட்டையில் கரு வளராது, எங்கள் வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி, இரண்டரை நாள் அடையிலிருந்த நாட்டுக்கோழி முட்டைகள் ஐந்தைத் தவிட்டுக்குள் பொதிந்து நீதான் கொண்டுவந்தாய். ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டிப் பார்த்தோம். முதல் மூன்றும் வீணாயின. நான்காவதில், மஞ்சள் கருவின்மேல் செந்நிற வலை விரிந்திருக்க, அதன் நடுவில் கடுகிலும் சிறிய இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மணி அடித்த பிறகும் நீ எழுந்திருக்கவில்லை. "குழாய் முதலில் வந்ததுங்களா, இரத்தம் முதலில் வந்ததுங்களா, மேடம்?" என்று கேட்டாய். பாடப்புத்தகத்தில் இருந்த இரண்டு வரிகளைச் சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்குத்தான் அடுத்த மாதமே பி.எட். போதும் என்று அறிவுரை சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஃபுளோரன்ஸ் சபின் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி நிதானமாகப் படித்தேன். 1871-இல் கொலராடோவின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தாயை இழந்தவர். 1893-இல் பட்டம் பெற்றதும் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் சேர்ப்பதற்காக மூன்று ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். ஆசிரியப் பணியைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால், படிப்பதற்காகக் கற்பித்த அவரையும், படிப்பை முடித்துக்கொள்ளக் கற்பிக்கச் சொன்ன என் அறிவுரையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கூசுகிறது. அவர் சேர்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் தானாக நிகழ்ந்ததன்று. கல்லூரி தொடங்கப் பணமில்லாமல் நின்றபோது, ஆண்களுக்கு உள்ள அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மேரி காரெட் என்ற செல்வந்தப் பெண்மணியும் அவருடைய தோழியரும் திரட்டிக் கொடுத்த நிதியால்தான் அது 1893-இல் திறந்தது. 1900-இல் அங்கே பட்டம் பெற்ற சபின், 1902 முதல் உடற்கூற்றியல் துறையில் பாடம் நடத்தினார்.

அவர் எடுத்துக்கொண்ட முதற்பெரும் கேள்வி, நிணநீர் நாளங்கள் எங்கிருந்து தோன்றுகின்றன என்பது. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த உனக்கு இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கொடிவேரியில் பவானி ஆற்றிலிருந்து பிரிந்து வயலை நோக்கி வெளியே ஓடுவது தடப்பள்ளி வாய்க்கால். காட்டிலும் வயலிலும் வடியும் நீரைச் சேர்த்துக்கொண்டு ஆற்றை நோக்கி வருவது பள்ளம். வளர்ந்த உடலில் நிணநீர் நாளங்கள் பள்ளத்தின் வேலையைச் செய்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசிந்த நீரைத் திரட்டிக் கழுத்தடிச் சிரைகளில், அதாவது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆகவே அவை பள்ளத்தைப் போலவே திசுக்களின் இடைவெளிகளில் தோன்றிச் சிரையை நோக்கி வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். சபின் பன்றிக் கருக்களுக்குள் சாயத்தைச் செலுத்தி, வெவ்வேறு வயதுக் கருக்களில் அது எட்டிய தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, வேலையால் பள்ளமானாலும் பிறப்பால் அது வாய்க்கால்தான் என்று 1902-இல் எழுதினார்: சிரைகளிலிருந்து மொட்டுவிட்டு, வெளிநோக்கிப் பரவுகின்றன என்றார்.

இதைப் பலர் ஏற்கவில்லை. பூனைக் கருக்களை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்த ஹண்டிங்டன், மெக்ளூர் என்ற உடற்கூற்றியலாளர்கள், திசு இடைவெளிகளே இணைந்து நாளங்களாகின்றன என்று வாதிட்டார்கள். வழக்குப் பல பத்தாண்டுகள் தீரவில்லை. 2007-இல், எலிக் கருவின் சிரைச் செல்களுக்கு மரபணு வழியில் அழியாத அடையாளமிட்டு, அவற்றின் வழித்தோன்றல்களைப் பின்தொடர்ந்த கியெர்மோ ஒலிவரின் குழு, நிணநீர் நாளங்களின் மூலம் சிரைகளே என்று காட்டியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள், இதயம், தோல் முதலிய சில இடங்களில் சிரையல்லாத செல்களும் சேர்ந்துகொள்கின்றன என்று காட்டியிருப்பதை என்னைவிட நீ நன்றாக அறிவாய். எதிர்த்தரப்பும் முழுத் தவறில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சபின் 1953-இல் காலமானார். தீர்ப்பு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது, சொன்னால் நம்பமாட்டாய், உன் கேள்வியேதான். இரண்டாம் நாள் கோழிக் கருவின் மெல்லிய செல் தகட்டை உயிரோடு ஒரு துளித் திரவத்தில் தொங்கவிட்டு, நுண்ணோக்கியில் இரவெல்லாம் கண் எடுக்காமல் பார்த்தார். தனித்தனியாகக் கிடந்த செல்கள் கூடிக் கொத்தாவதையும், கொத்துக்குள் வெற்றிடம் உண்டாகிக் குழாயாவதையும், அந்தக் குழாயின் உள்சுவரிலிருந்தே செங்குருதி அணுக்கள் பிரிவதையும், இதயம் முதன்முதலாகத் துடிப்பதையும் கண்டார். தம் வாழ்வில் அதைவிடக் கிளர்ச்சியூட்டிய அனுபவம் இல்லை என்று பின்னாளில் சொன்னார். அந்த ஆய்வு 1920-இல் வெளிவந்தது. நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

இனி, நீ நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். 1917-இல் சபினின் ஆசான் பிராங்கிளின் மால் இறந்தார். துறைத் தலைமை சபினுக்கு வரும் என்று பலர் நினைத்திருக்க, சபினிடமே படித்த லூயிஸ் வீட் தலைவரானார். சபினுக்கு அதே ஆண்டு பேராசிரியர் பதவி கொடுத்தார்கள்; அக்கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் அங்கேயே இருந்தார். இந்த இடத்தை எழுதுகிறவர்கள் பொறுமையின் இலக்கணமாக அவரைக் காட்டிவிடுகிறார்கள்; எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் அங்கே இருந்ததற்குக் காரணம், கோழிக் கரு ஆய்வு கையில் இருந்தது. 1925-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனம் தனி ஆய்வுப் பிரிவைக் கொடுத்து அழைத்தபோது, தயங்காமல் கிளம்பிப் போய்க் காசநோயில் வெள்ளணுக்களின் பங்கை ஆராய்ந்தார். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் ஒரு பெண்ணை முதன்முதலாக உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டில்தான்; அந்தப் பெண் அவரே. ஓய்வுக்குப் பின் கொலராடோவில் பொதுச் சுகாதாரச் சட்டங்களுக்காக அவர் போராடியதைத் தனியாக எழுத வேண்டும்.

இடத்தை விடுவது வேறு, வேலையை விடுவது வேறு என்று இரண்டாகப் பிரித்து யோசி, அம்மிணி. அந்த ஆய்வகத்தில் உனக்கு நியாயம் நடக்கவில்லை. அதை விட்டு வெளியேற நினைத்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் உன் வேலை அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமானதன்று. மிலான் நகரில் எலிசபெத்தா தெஜானாவின் குழு 1992-இல் விவரித்த வி.ஈ. கேட்ஹெரின் என்ற புரதம், இரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பதையும், எப்போது பிடி தளர்கிறது என்பதையும்தானே இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் பேச்சு எழுந்தபோது, கசிவுநீர் நின்றால் கிணறு வற்றும் என்று ஒரு சாராரும், கடைமடைக்குத் தண்ணீர் எட்ட வேண்டும் என்று இன்னொரு சாராரும் நின்றார்கள். உடலுக்குள் இந்த வழக்கு ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. கசியாவிட்டால் திசு பட்டினி, மிகுந்து கசிந்தால் வீக்கம். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. அந்தப் பிடி ஏன் தளர்கிறது என்பதை அறிந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே திண்ணையில் உட்கார்ந்து, அன்று நான் சொன்னது தவறு என்று உங்கள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேற ஊருல லேப்பு கெடச்சா அம்மிணி போகுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இரவு அவர் வயலிலிருந்து திரும்பிய பிறகு நீயே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் விலங்கியல் ஆசிரியை