செக்கு எண்ணெயை இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்த வலைத்தளம் வைத்து மரச்செக்கு எண்ணெய் விற்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

'ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள்' என்று விளம்பரம் போடுகிறீர்கள். அதில் இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர் என்றால் தீபாவளி விற்பனையைக் காட்டுகிறீர்கள். எண்ணெய் தீர்ந்துபோகிற பொருள். பிடித்திருந்தால் மறுபடி கேட்பார்கள்; எண்ண வேண்டியது அதைத்தான்.

ஆர்டர் பட்டியலை எக்செலில் இறக்குங்கள். கேன்சல் ஆனவற்றையும், கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திரும்பி வந்தவற்றையும் நீக்குங்கள். ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை நம்பாதீர்கள். செல்பேசி எண்ணின் கடைசி 10 இலக்கங்களை எடுங்கள். முன்னால் ஒட்டியிருக்கும் +91, 0 எல்லாம் ஒரே ஆளை இரண்டு பேராக்கிவிடும். பிறகு, ஒவ்வொருவரும் முதல் பார்சல் வாங்கிய மாதத்தைக் குறித்து, 90 நாளுக்குள் திரும்பி வந்தவர்களை எண்ணுங்கள். ஜனவரியில் புதியவர்கள் 200 பேர், திரும்பியவர்கள் 46 பேர் என்றால் 23 சதவீதம். மாதம் 2 லிட்டர் செலவாகும் வீட்டில் 5 லிட்டர் கேன் இரண்டரை மாதம் ஓடும், அதனால்தான் 90. அரை லிட்டர் பாட்டில் மட்டும் விற்பவருக்கு 45 போதும். இன்னும் 90 நாள் முடியாத மாதங்களைச் சேர்த்தால் வியாபாரம் சரிவதுபோலத் தோன்றும். வீணாகப் பதறுவீர்கள்.

கூப்பனுக்கு வருவோம். செல்பேசி எண் 7இல் முடிகிறவர்களுக்கு மட்டும் கூப்பன் அனுப்பாமல் விட்டுப் பாருங்கள். கூப்பன் போனவர்களில் நூற்றுக்கு 40 பேர் வாங்க, போகாதவர்களில் 37 பேர் வாங்கினால், கூப்பனால் வந்தவர்கள் 3 பேர்தான். 100 ரூபாய்க் கூப்பனை 40 பேரும் பயன்படுத்தியிருப்பார்கள்: செலவு 4,000. கூடுதலாக வந்த ஒரு ஆர்டருக்கு 1,333 ரூபாய்! இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்ப, இரு பக்கமும் சில ஆயிரம் பேர் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

'நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்' என்று கேட்கும் முறையை அமெரிக்க வணிக ஆலோசகர் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் 2003இல் அறிமுகப்படுத்தினார். 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து, 6ம் அதற்குக் கீழும் கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். நம் ஊரில் முகதாட்சண்யத்துக்கே 9 போட்டுவிடுவார்கள். மதிப்பெண்ணைவிட 'ஏன்?' என்ற கேள்விக்கு வரும் பதில் உதவும்.

அந்தப் பதில்கள் பெரும்பாலும் விலையைப் பற்றி இருக்காது. மூடி கசிந்து அட்டைப்பெட்டி ஊறியிருக்கும். தெளியவிடாமல் அடைத்ததால் அடியில் கசடு நிற்கும். டிசம்பரில் பெங்களூருக்குப் போன தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு என்று தெரியாதவர், மெழுகு கலந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார். புகார்கூடச் சொல்லமாட்டார், அடுத்த முறை வேறு கடை. பாட்டிலோடு இரண்டு வரித் துண்டுச்சீட்டு வைத்தால் இதைத் தடுக்கலாம்.

வாட்ஸ்அப் நினைவூட்டலை, சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும், எண்ணெய் தீர ஒரு வாரம் முன்பு ஒருமுறை அனுப்புங்கள். தினமும் 'ஆஃபர்' என்று அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். பிறகு அவருக்கு எண்ணெய் தீர்ந்தாலும் உங்கள் செய்தி போய்ச் சேராது.