61 ஆயிரம் டாலருக்கு ஓர் அணியையே மூடியவர்களுக்கு

இண்டியானாபொலிஸில் இருந்துகொண்டு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. நிர்வாகிகளுக்கும், தலைவர் சார்லி பேக்கர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் நாட்டில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். விளையாட்டு வீரன் எல்லாம் இல்லை, பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கி நிற்கும் ரகம். ஆனால் சனிக்கிழமையானால் கல்லூரி ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்க வகை) பார்க்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து பார்த்து வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த மடலுக்கு அதற்கு மேல் எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது.

1987ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டாலஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், எல்லோரும் எஸ்.எம்.யு. என்று சொல்வது, அதன் ஃபுட்பால் அணிக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் நீங்கள் கொடுத்த தண்டனைக்கு 'மரண தண்டனை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. குற்றம் என்னவென்றால், 13 வீரர்களுக்குப் பணக்கார ஆதரவாளர் ஒருவரின் காசிலிருந்து ரகசியமாக மொத்தம் 61 ஆயிரம் டாலர் போனது. அதற்கு முன்பும் பலமுறை மாட்டியவர்கள்தான், அப்பாவிகள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆண்டு ஒரு ஆட்டம்கூட ஆட விடவில்லை, அடுத்த ஆண்டு அணி சேர்க்க முடியாமல் அவர்களே விலகிக்கொண்டார்கள். அதன் பிறகு எஸ்.எம்.யு. மறுபடி ஒரு பவுல் ஆட்டம், அதாவது நன்றாக ஆடிய அணிகளைப் பருவ முடிவில் அழைத்து நடத்தும் ஆட்டம், ஆட 2009 வரை ஆனது.

அதே 1987 ஜூலையில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த எஸ்டோனியாவில், கார்க்சி-நூயா என்ற சிற்றூரில் மார்குஸ் ஹன்ட் பிறந்தார். வளர்ந்து 6 அடி 8 அங்குலம். 2006இல் பெய்ஜிங்கில் நடந்த உலக ஜூனியர் தடகளப் போட்டியில் குண்டெறிதல், வட்டெறிதல் இரண்டிலும் தங்கம் வாங்கினார். வட்டை 67.32 மீட்டர் எறிந்து ஜூனியர் உலக சாதனையும் செய்தார். எறிதலுக்குப் பேர்போன பயிற்சியாளர் டேவ் வோல்மன் எஸ்.எம்.யு.வில் இருக்கிறார் என்பதற்காக அடுத்த ஆண்டே டாலஸுக்குக் கிளம்பினார். வேடிக்கை என்னவென்றால், எஸ்.எம்.யு. ஆண்கள் தடகள அணியை 2004இலேயே கலைத்துவிட்டிருந்தது. பயிற்சியாளர் உண்டு, அணி இல்லை, அணி இல்லாததால் ஸ்காலர்ஷிப்பும் இல்லை. திரும்பத் தொடங்குவார்கள் என்று காத்திருந்து பார்த்தார், தொடங்கவில்லை.

ஸ்காலர்ஷிப் கிடைக்க இருந்த வழி ஃபுட்பால்தான். அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியிராத மனிதர் 2009இல் பயிற்சியாளர் ஜூன் ஜோன்ஸின் அணியில் போய்ச் சேர்ந்தார். எந்தப் பக்கம் ஓடுவது என்று கற்றுக்கொள்ளும் முன்பே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. எதிரணி கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் நேரத்தில், எதிரே நிற்பவனை நெஞ்சோடு தள்ளிக்கொண்டு போய்க் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சின்ன வேலை. ஆனால் வட்டெறிபவனின் நீளமான கையும் குண்டெறிபவனின் இடுப்புப் பலமும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. நான்கு பருவங்களில் 17 உதைகளைத் தடுத்தார். ஸ்கோர் அட்டையில் ஒரு வரியாகப் போய்விடும் விஷயம் இது, நேரில் பார்த்தால்தான் தெரியும்: உதைக்கப்போகிறவன் பந்தைப் பார்க்காமல் அந்த ஆளையே பார்க்கத் தொடங்கிவிடுவான்.

எஸ்.எம்.யு. 25 ஆண்டு கழித்துப் பவுல் ஆட்டம் போனது ஹன்ட்டின் முதல் பருவத்தில்தான். அவருடைய கடைசி ஆட்டம் 2012 டிசம்பர் 24, ஹவாய் பவுல். எதிரே ஃபிரெஸ்னோ ஸ்டேட், அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், டெரிக் கார், பின்னாளில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் பத்தாண்டுக்கு மேல் ஆடியவர். அன்று ஹன்ட் டெரிக் காரை விரட்டிய விரட்டில் எஸ்.எம்.யு. 43-10 என்று வென்றது. இரண்டு மாதம் கழித்து உங்கள் ஊருக்கே வந்தார், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும் என்.எஃப்.எல். தேர்வு முகாமுக்கு. 102 கிலோவை 38 முறை தூக்கினார், 40 கெஜத்தை 4.60 விநாடியில் ஓடினார். என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் டிராஃப்டில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை இரண்டாம் சுற்றில், 53ஆவது ஆளாக எடுத்தது. அப்போது வயது 25. அங்கே நான்கு ஆண்டு, பிறகு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் மூன்று ஆண்டு, கடைசியாக 2021இல் சிகாகோ பேர்ஸ். நட்சத்திரம் ஆகவில்லை. பரவாயில்லை, இருபத்திரண்டு வயதில் விதிமுறை கற்றுக்கொள்ளத் தொடங்கியவருக்கு அது பெரிய ஓட்டம்.

அந்த 2013 டிராஃப்டில் இன்னும் இரண்டு ஐரோப்பியர்கள் இருந்தார்கள். பெர்லினில் பிறந்த பியோர்ன் வெர்னர் 24ஆவது ஆள், முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் ஜெர்மானியர். மான்செஸ்டர்காரர் மெனலிக் வாட்சன் 42ஆவது. இருவரும் ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஒரே அணி. வெர்னரின் கதை எனக்கு எப்போதும் மனசைப் பிசையும். கல்லூரியில் கடைசிப் பருவத்தில் 13 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தவர், முழங்கால் ஒத்துழைக்காமல் 26 வயதில் விளையாட்டையே விட்டார். கல்லூரி ஆண்டுகளில்தான் அவருடைய உடம்பு உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளின் வருமானம் முழுக்க உங்களுக்கும் கல்லூரிக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. அவர் பங்குக்குப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும். அமெரிக்கப் பையன்களுக்கும் அப்போது அதே கதைதான், ஆகவே அந்தக் காலத்துக்கு உங்களைத் தனியாகக் குறை சொல்லவில்லை.

குறை இப்போதைக்குத்தான். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விட்டீர்கள். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த வழக்குச் சமரசத்தின்படி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம், முதல் ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. நல்லது, வரவேற்கிறேன். 61 ஆயிரத்துக்கு எஸ்.எம்.யு.வை மூடியவர்கள்தானே நீங்கள் என்று ஒருமுறை சிரித்துவிட்டு வரவேற்கிறேன். அந்த எஸ்.எம்.யு. இப்போது 'அட்லாண்டிக் கடற்கரை மாநாடு' என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் ஆடுகிறது, டாலஸுக்கும் அட்லாண்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், 2024இல் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் வரை போனது.

சரி, இன்று இன்னொரு ஹன்ட் கார்க்சி-நூயாவிலிருந்து எஸ்.எம்.யு.வுக்கு வந்தால்? அவரிடம் இருக்கப்போவது எஃப்-1. அதைப் பற்றி என்னைவிட உங்கள் வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அதோடு வாழ்ந்தது நான். வகுப்புகள் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், வெளியே கூடாது. ஒருமுறை தெரிந்தவர் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். காசு வாங்கப் பயந்து இரண்டு பிரியாணிப் பொட்டலம் மட்டும் வாங்கி வந்தேன். அதுவும் தப்புதான் என்று பின்னால் ஒருவர் சொன்னபோது ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பிரியாணிக்கே இந்தக் கதி என்றால், லட்சக்கணக்கான டாலருக்கு ஒப்பந்தம் நீட்டப்படும் இருபது வயதுப் பையன் என்ன செய்வான்?

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் விதியிலும் வாரம் 20 மணி நேரம் என்றே இருக்கிறது, பயிற்சிக்கு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரம் என்று கணக்கு, பயண நேரம் கணக்கிலேயே இல்லை. டாலஸிலிருந்து ஹவாய் போய் வந்தது உங்கள் ஏட்டில் பூஜ்யம். வேலையைக் குறைத்துக் காட்டும்போது மட்டும் இருபது மணி நேரம் எப்படி இவ்வளவு விரிந்து கொடுக்கிறது?

கூலி என்று இல்லாமல் உரிமத்தொகை என்று எழுதினால் கொடுக்கலாம் என்று சில வக்கீல்கள் சந்து கண்டுபிடிக்கிறார்கள். வேறு கல்லூரிகள் கை வைக்கவே பயப்படுகின்றன. ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவனுக்குப் பணம், இன்னொருவனுக்கு ஆலோசனை. தவறு நேர்ந்தால் கல்லூரிக்கு அபராதத்தோடு முடியலாம், பையனுக்கு விசாவே போகும். கூடைப்பந்தில் காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷீப்வே, அந்த ஆண்டின் தேசியச் சிறந்த வீரர், 2022இல் கென்டக்கி அணி பஹாமாஸுக்குப் போன நேரம் பார்த்து விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்தார், அமெரிக்க மண்ணில் வேலை செய்ததாக ஆகக் கூடாது என்று. நாட்டின் முதல் ஆட்டக்காரர் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

விசா எங்கள் கையில் இல்லை, அது அரசு என்பீர்கள். உண்மைதான். ஆனால் வழக்குகளிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு நடையாய் நடக்கிறீர்களே, அது மட்டும் உங்கள் கையிலா இருக்கிறது? பேக்கர் அவர்களே, எட்டு ஆண்டு மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவர் நீங்கள், எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எஃப்-1 விளையாட்டு மாணவர்களுக்கு விலக்கு கேட்டு இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். உங்கள் பாதுகாப்புக்காகப் பேசும் அதே மேசையில் இதையும் வையுங்கள்.

அது ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. எந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களுக்கு எவ்வளவு பங்கு கொடுத்தது, கொடுக்கவில்லை என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அப்புறம், கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அந்தப் பையனுக்கும் அவன் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில், எஸ்டோனியனோ ஜெர்மனோ, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: உன் அணித் தோழனுக்குக் கிடைப்பது உனக்குக் கிடைக்காமல் போகலாம், ஏன் என்றால் இது, மீறினால் நடப்பது இது என்று.

ஐரோப்பா உங்களுக்குத் தூரமும் இல்லை. 2024 ஆகஸ்டில் வெர்னரின் ஃபுளோரிடா ஸ்டேட்டை டப்ளினுக்குக் கூட்டிப்போய் ஜார்ஜியா டெக்கோடு ஆட வைத்தார்கள், கடைசி உதையில் தோற்றது. டிக்கெட் விற்க அங்கே போக முடிகிற கல்லூரிகளால் அந்த ஒரு பக்கத்தையும் கையோடு கொண்டுபோக முடியும்.