ஏராவும் வங்கும்

கொழும்பு - 06

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குக் கப்பல் கட்டும் படிப்பு கிடைத்ததில் மனிசிக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். லீவில் ஊருக்கு வந்தவள், பாடப்புத்தகத்துச் சொற்களைப் பார்த்து மலைத்துப்போய் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். முப்பது வருசம் அந்தச் சொற்களோடு வேலை செய்தவன் சொல்கிறேன்: வல்வெட்டித்துறைப் பிள்ளைக்கு அதில் பாதி வீட்டுச் சொல்தான்.

கீல் என்பது எங்கள் ஏரா, கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு. சின்ன வயதில் கரையில் வத்தை என்ற மரக்கலம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, முதலில் ஏராவைக் கிடத்தி, விலா எலும்பு போல வங்குகளை நிறுத்தி, பிறகுதானே பலகை அறைவார்கள்? அவள் பிரேம் என்று படிப்பது அந்த வங்கைத்தான். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போன எங்கள் ஊர்ப் பாய்க்கப்பல் அன்னபூரணிக்கும் அதே எலும்புக்கூடுதான். உருக்குக் கப்பலில் பலகைக்குப் பதில் தகடு, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்துக்குப் பதில் வெல்டிங். ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய சரக்குக் கப்பலின் அடி தட்டை. ஏரா வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. நடுவில் தடித்த தகடும், உள்ளே அதன்மேல் நெடுக ஓடும் விட்டமும் சேர்ந்ததுதான் கீல். கப்பல் பழுதுபார்க்கும் டொக்கில் தண்ணீர் வற்றிய பிறகு கப்பலுக்குக் கீழே நடந்து போனால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். படத்தில் பார்த்து எனக்கு ஒரு வருசமாகியும் விளங்கவில்லை.

டிராப்ட், பிரீபோர்ட் இரண்டுக்கும் இங்கே கடற்கரையில் காலிமுகத்திடல் போதும். பின்னேரம் வெளியே நிற்கும் கப்பல்களைப் பார்க்கட்டும். சிவப்பு அடிப்பாகம் நிறையத் தெரிந்தால் வெறுங்கப்பல். தெரியாவிட்டால் பாரம் ஏறியது. தண்ணீருக்குள் இருப்பது டிராப்ட், தண்ணீர் மட்டத்திலிருந்து தளம் வரை பிரீபோர்ட். எவ்வளவு தாழலாம் என்பதைப் பக்கத்தில் இருக்கும் வட்டமும் கோடும் சொல்லும். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய கப்பல்களோடு மாலுமிகள் மாண்டுகொண்டிருந்ததால், பிளிம்சோல் என்ற எம்.பி. போராடி 1876இல் பிரித்தானியச் சட்டத்தில் ஏற்றிய குறி அது. நன்னீருக்குத் தனிக்கோடு, சற்று மேலே இருக்கும். நன்னீர் கடல்நீரைவிட இலேசு, அதே பாரத்துக்குக் கப்பல் கூடத் தாழும்.

பல்க்ஹெட் என்ற குறுக்குச்சுவரை மட்டும் அவள் சும்மா பாடமாக்கக் கூடாது. 2020இல் எங்கள் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தது நினைவிருக்கிறதா? தீ பின்னால், இயந்திர அறையில். முன்னால் தாங்கிகளில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய். இடையில் நின்றவை இந்தச் சுவர்கள். சரக்கு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. அந்த நாட்களில் நான் நித்திரை கொள்ளவில்லை, மச்சான்.

இங்கே திரும்ப முதல், ஊரில் மிஞ்சியிருக்கும், வத்தை கட்டும் ஓடாவி யாரிடமாவது அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் எழுதட்டும், ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு. அந்தப் பக்கத்தை நான் நிரப்பிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்