டஃப்டவுனிலிருந்து மச்சானுக்கு

டஃப்டவுன், ஸ்காட்லாந்து

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைக்குப் புது இழைப்பு மெஷின் வந்ததில் ரொம்ப சந்தோஷம். உடம்பு, குளிர், சாப்பாடு பற்றியெல்லாம் அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நீ கேட்டது என் வேலையைப் பற்றி. மரம் தெரிந்தவன் நீ, அதனால் உனக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

டஃப்டவுன் சின்ன ஊர். நடுவில் ஒரு மணிக்கூண்டு, அங்கிருந்து பிரியும் தெருக்கள், எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு விஸ்கி ஆலை. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கிடங்குகளை ஒட்டிய சுவர்களும் மரங்களும் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. அது புகை இல்லை, பூஞ்சை. கிடங்கில் பீப்பாய்களில் ஊறும் விஸ்கியில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. அந்த ஆவியை உண்டு வளர்கிற பூஞ்சை அது. போகிற பங்கை இங்கே தேவதைகளின் பங்கு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் அம்ருத் விஸ்கி செய்கிறார்களே, அங்கே நம் வெயிலுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேலேயே போய்விடுமாம்.

என் வேலை கிடங்கில். மண் தரை, கனமான கல் சுவர், உள்ளே எப்போதும் ஈரக் குளிர். பீப்பாய்களை மூன்று அடுக்குக்கு மேல் ஏற்றுவதில்லை. உருட்டுவது, அடுக்குவது, ஒழுகுகிறதா என்று பார்ப்பது, இவைதான் அன்றாடம். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை நேராகவே சொல்கிறேன் மச்சான்: குடிக்கிறவர்கள் வயதையும் நிறத்தையும் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது மரத்தை.

ஆலையில் வடித்து இறங்கும்போது சாராயம் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், வேறொன்றும் இல்லை. அதைப் பெரும்பாலும் 63.5 சதவீத ஆல்கஹால் வீரியத்துக்குக் குறைத்துப் பீப்பாயில் நிரப்புகிறார்கள். ஓக் மரப் பீப்பாய்தான், 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு ஊற வேண்டும். அப்போதுதான் சட்டப்படி அது ஸ்காட்ச்.

பெரும்பாலான பீப்பாய்கள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக்கில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற வைக்க முடியாது, அதனால் இங்கே விற்றுவிடுகிறார்கள். ஒன்று சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இன்னொரு வகை ஸ்பெயின் நாட்டு ஷெரி ஒயின் பீப்பாய், 500 லிட்டர். முன்பு ஷெரியைப் பீப்பாயோடு பிரிட்டனுக்கு அனுப்புவார்கள், காலியானதை விஸ்கிக்காரர்கள் வாங்குவார்கள். 1980-களில் அந்த வழக்கம் நின்றுபோனது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்யச் சொல்லி, அதில் ஷெரியை ஊற்றிப் பழக்கி எடுத்து வருகிறார்கள்.

உனக்குப் பிடிக்கப்போவது இது. அமெரிக்க வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே நன்றாக அடைபட்டிருக்கும், ரம்பத்தால் அறுத்தாலும் பலகை ஒழுகாது. ஐரோப்பிய ஓக்கை அப்படி அறுத்தால் கசியும், ரேகை போகிற போக்கிலேயே பிளந்து எடுக்க வேண்டும். பக்கத்து ஊர் கிரெய்கெலாக்கியில் பீப்பாய்த் தச்சர்களின் பெரிய பட்டறை ஒன்று இருக்கிறது. பசை இல்லை, ஆணி இல்லை. வளைத்த பலகைகளை இரும்பு வளையம் இறுக்குகிறது, மூடியின் இடுக்குகளில் காய்ந்த நாணல் வைக்கிறார்கள். நான்கு ஆண்டு பயின்றால்தான் தச்சர் என்று ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் சுத்தியல் அடிக்கும் வேகத்தை நீ நின்று பார்க்க வேண்டும் மச்சான்.

சரி, ருசிக்கு வருகிறேன். போன மாதம் கிடங்குப் பெரியவர் ஒரே நாளில், ஒரே சாராயம் நிரப்பிய மூன்று பீப்பாய்களிலிருந்து குழாய் விட்டு எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். மூன்றுமே 12 வயது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் முதலில் முகர வேண்டும், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு ஒரு சின்ன வாய். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும். வீரியம் 60-ஐ ஒட்டி இருக்கும்போது நாக்கு எரிந்து எதுவும் தெரியாது, தண்ணீர் விட்டால்தான் வாசனை மேலே வருகிறது.

போர்பன் பீப்பாயில் ஊறியது வெளிர் பொன் நிறம். வனிலா, தேன், பேரிக்காய், கூடவே அழுத்தமான தேங்காய் வாசனை. அந்தத் தேங்காய் மணம் ஓக் மரத்துக்குள்ளேயே இருக்கும் லாக்டோன் என்ற வேதிப்பொருளால் வருவது. தென்னை முளைக்காத இந்தக் குளிர்நாட்டில் அதை முகர்ந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஷெரி பீப்பாய் அடர் செம்பழுப்பு. காய்ந்த திராட்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, கடைசியில் ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. கூட இருந்தவர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் மரமும் ஒயினும்தான் தெரிந்தன, பார்லி தெரியவில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே இரண்டு முறை விஸ்கி ஊறி முடிந்த பழைய பீப்பாய். வைக்கோல் நிறம்கூட முழுதாக இல்லை. கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதில்தான் பார்லியின் இனிப்பும், புல்லின் பசுமையும், ஆப்பிளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. வீரியம் அடங்கியிருந்தது, மரம் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு அதுதான் முதல். பெரியவரிடம் சொன்னேன். அவரும் அதையே இன்னொரு முறை ஊற்றிக்கொண்டார்.

ஒன்று மட்டும் மனதில் வை. விஸ்கியில் நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கறுப்பாக இருந்தால் பழையது என்று யாராவது உன்னிடம் விற்றால் நம்பாதே.

தைக்கு ஊர் வரும் நண்பரிடம் உடைந்த பீப்பாய்ப் பலகை இரண்டு கொடுத்தனுப்புகிறேன். ஒன்று அமெரிக்க ஓக், ஒன்று ஐரோப்பியது. எது எதென்று குறி போடவில்லை. குறுக்கே அறுத்துப் பார்த்து, எது எதென்று நீயே கண்டுபிடித்து எழுது. வேங்கையோடு ஒப்பிட்டால் உளிக்கு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது, இங்குள்ள தச்சர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்